எலும்புகளைப் படித்தவன்

“எந்தக் காலேஜில் படித்த எலும்பு தம்பி இது?” என்று கேட்டுவிட்டு ஃபாதர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கித் தண்ணீர் குடித்து, மறுபடியும் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுதிக்கொண்டு போயிருந்த வரி இதுதான்: “படித்த எலும்புகளைக் கொரினேயுஸ் வெண்கலச் சாடியில் இட்டு மூடினான்.”

ஃபாதருக்கு 85 வயதாகிறது. 1950களின் கடைசியில் குருமடத்தில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான் நடக்கும், பாடப் புத்தகமும் லத்தீன்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தபின் பூசை தமிழுக்கு வந்துவிட்டது. அத்தனை வருடம் உருப்போட்ட மொழிக்கு வேலையே இல்லாமல் போயிற்று என்று அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் என்னைப் போல் ஒருவன் வந்து மாட்டிக்கொண்டால் போதும். உச்சரிப்பில் மட்டும் எங்களுக்குள் ஒரு தகராறு உண்டு. கோயில் லத்தீன் பழகிய அவர் ‘லெஜெரே’ என்பார். பழைய ரோமர் உச்சரிப்பைப் பின்பற்றும் புத்தகத்தில் கற்ற நான் ‘லெகெரே’ என்பேன். இந்தக் கட்டுரை என்னுடையது என்பதால் லெகெரே என்றே எழுதுகிறேன்.

லெகெரே என்றால் படித்தல். லத்தீன் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வினைச்சொல். மாணவன் புத்தகம் படிக்கிறான், ஆசிரியர் கடிதம் படிக்கிறார் என்று பாடநூல்களில் ஆளாளுக்குப் படித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தெம்பில்தான் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் எழுதிய ஈனியட் காவியத்தின் ஆறாம் காண்டத்தில், இறந்த தோழனைச் சிதையில் எரித்த இடத்தில், ‘ஓஸ்ஸா லெக்தா’ என்று வந்தபோது யோசிக்காமல் கை வைத்தேன். ஓஸ்ஸா எலும்புகள். லெக்தா, லெகெரேயின் இறந்தகால எச்சம். ஆகவே படித்த எலும்புகள். இலக்கணப்படி ‘படிக்கப்பட்ட’ என்றிருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது. அதனால் மட்டும் எலும்புக்கு அர்த்தம் வந்திருக்காது.

“அகராதியை எடு. முதல் பொருளைப் பார். நாலாவது பொருளை வைத்துக்கொண்டு வெர்ஜிலிடம் போகாதே” என்றார் ஃபாதர்.

முதல் பொருள்: பொறுக்குதல், கொய்தல், சேகரித்தல். பூப் பறிப்பது, ஒலிவக் காய் பொறுக்குவது, திராட்சைக் குலை கொய்வது, சுள்ளி பொறுக்குவது, சிதையில் எரிந்த எலும்பைப் பொறுக்குவது எல்லாம் லெகெரே. அடுத்ததாகத் தேர்ந்தெடுத்தல். படித்தல் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

உவமையாகச் சொன்னது பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்று அன்று நினைத்தேன். வாரக் கணக்கில் இந்த ஒரு சொல்லோடு சுற்றிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ரோமானியனுக்குப் படிப்பது கடைசிவரை ஒரு வகைப் பொறுக்கலாகவே இருந்திருக்கிறது.

நம் பக்கம் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ‘ஓது’ வாயின் வேலை. ‘வாசி’, பேச்சைக் குறிக்கும் வடமொழி ‘வாச்’ வழியாக வந்தது, அதுவும் வாயின் வேலை. திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்க ஊர் உட்கார்ந்து கேட்ட மரபுக்கு அது பொருத்தம்தான். லத்தீன்காரன் கையிலிருந்து தொடங்கியிருக்கிறான். இதில் வேடிக்கை என்னவென்றால் கிரேக்கத்திலும் இதே வேரிலிருந்து ‘லெகோ’ என்ற வினைச்சொல் இருக்கிறது. அதுவும் பொறுக்குவதில் தொடங்கி, எண்ணுவதாகி, எடுத்துச் சொல்வதாகி, பேசுவதில் போய் நின்றுவிட்டது. ‘லோகோஸ்’ என்ற பெரிய சொல், பேச்சுக்கும் அறிவுக்கும் ஒரே சொல், அங்கிருந்து வந்ததுதான். ஒரே வீட்டில் பிறந்து ஒருவன் பேச்சாளனாகவும் மற்றவன் வாசகனாகவும் போன மாதிரி. ஜெர்மானியரின் ‘லேசன்’ வேறு வேர், ஆனால் அதற்கும் படித்தல், பொறுக்குதல் இரண்டும் பொருள். திராட்சை அறுவடையை அவர்கள் ‘வைன்லேச’ என்கிறார்கள்.

பொறுக்கும் வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் கேட்டோவிடம் போக வேண்டும். கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த ரோமானிய அரசியல்வாதி. பயிர்த்தொழில் பற்றி அவர் எழுதியதுதான் லத்தீன் உரைநடையில் முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல். கவித்துவம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், கறாரான பண்ணையார் எழுதிய புத்தகம் அது. அதில் ஒலிவக் காய் பொறுக்கும் வேலையைக் குத்தகைக்கு விடுவதற்கான நிபந்தனைகள் ஓர் அத்தியாயம். உடைமையாளரின் உத்தரவு இல்லாமல் காயைக் கிளையிலிருந்து உருவக் கூடாது, கோலால் அடித்து உதிர்க்கவும் கூடாது. பொறுக்கிய ஒவ்வொருவரும் தான் காய் திருடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்யாதவன் எவ்வளவு பொறுக்கியிருந்தாலும் அவனுக்குக் காசு கிடையாது. அந்த இடத்தில் ‘பொறுக்கியது’ என்பதற்கு வரும் சொல் ‘லெகெரித்’. ஒரு நூற்றாண்டு கழித்து அதே சொல் நூலகத்தில் நின்றால் ‘படித்திருப்பான்’. பொறுக்கும் கூலியாளுக்கு ‘லெகுலுஸ்’ என்று பெயர், படிப்பவனுக்கு ‘லெக்தோர்’. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரிதான்.

சொல்லாராய்ச்சியில் ஊறிய வர்ரோ, கி.மு. முதல் நூற்றாண்டில், இந்தச் சொற்களையெல்லாம் ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்கிறார். எழுத்துகள் கண்களால் பொறுக்கப்படுவதால் படித்தல் லெகெரே ஆயிற்றாம். கையால் பறிப்பதால் பயறு வகைகளுக்கு லெகூமினா. வயலில் உதிர்ந்து கிடப்பதை அடுப்புக்குப் பொறுக்கி வருவதால் விறகுக்கு லிக்னும். வர்ரோவின் சொல்லாராய்ச்சியில் பாதி கதை, சிரித்துக்கொண்டே தாண்டிப் போகலாம். ஆனால் விறகு விஷயத்தில் இன்றைய மொழியியலாளர்களும் அவர் பக்கம்தான். லத்தீனில் ‘மரக்கட்டை’ என்றாலே ‘பொறுக்கியது’ என்று பொருள். வெட்டியது இல்லை, பொறுக்கியது. ஏழை வீட்டு அடுப்பு எரிந்த விதம் அந்த ஒரு சொல்லில் தங்கிவிட்டது.

‘கண்களால் பொறுக்குதல்’ என்று வர்ரோ சொன்னதை முதலில் அழகான பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ரோமானிய ஏடு எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்தபோது புரிந்தது, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கரைப் பார்த்து அதையும் விட்டுவிட்டார்கள். அதன்பின் எழுத்துகள் இடைவெளியே இல்லாமல் முறத்தில் பரப்பிய அரிசி மாதிரி கிடக்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று படிப்பவன்தான் பார்த்து எடுக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதும் வழக்கத்தை 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் கொண்டுவந்தார்கள். லத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி இல்லை, எங்களைப் போல் திண்டாடியிருப்பார்கள்.

இந்தத் திண்டாட்டம் நமக்குப் புதிதா என்ன? நம் ஓலைச்சுவடியிலும் சொல்லுக்கு இடையே இடம் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் தெரியாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இரவுகள் சொல் சொல்லாகப் பொறுக்கியிருக்கிறார் என்பது ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இலக்கண உரைகளில் ஒரு பழைய எடுத்துக்காட்டு வரும்: ‘செம்பொன்பதின்றொடி’. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி (பழைய எடை அளவு) தங்கம். செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. பொறுக்குகிற விரல் ஓர் எழுத்து தள்ளிப் போனால் தங்கம் செம்பாகிவிடும். இதை ஃபாதரிடம் சொன்னபோது நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். பாடத்தில் நான் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

குழந்தைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றி ரோமானியக் கல்வியாசிரியர் குவின்டிலியன் ஒரு யோசனை சொல்கிறார். வாய் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் வலப்பக்கம் நகர்ந்து அடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், கவனத்தை இரண்டாகப் பிரிக்கப் பழக வேண்டும் என்கிறார். எங்கள் பாட்டி அரிசியில் கல் பொறுக்கும்போது விரல் ஒரு கல்லை எடுத்துப் போடும், கண் அடுத்த கல்லின் மேல் இருக்கும், வாய் தெருக்கதை பேசிக்கொண்டிருக்கும். கவனத்தை மூன்றாகப் பிரிப்பாள்.

படிப்பதென்றால் பெரும்பாலும் உரக்கப் படிப்பதுதான், வசதியான வீடுகளில் படித்துக் காட்டவே ஓர் அடிமை இருப்பான். மூத்த பிளினி என்ற ரோமானிய நூலாசிரியரின் வீட்டில் நடந்ததை அவருடைய தங்கை மகன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாமாவுக்கு ஒரு நிமிடம் வீணாகக் கூடாது. சாப்பிடும்போது ஒருவன் படிப்பான், குளித்துவிட்டு உடம்பு துடைக்கும்போதும் படிப்பான், அவர் குறிப்பெடுத்துக்கொள்வார். ஒருமுறை விருந்தில் படிப்பவன் ஏதோ ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்க, உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னாராம். பிளினி அவரிடம் கேட்டார்: “உனக்கு அர்த்தம் புரிந்துவிட்டதல்லவா?” “புரிந்தது.” “பிறகு ஏன் நிறுத்தினாய்? உன்னால் பத்து வரிக்கு மேல் போயிற்று.” இவரைச் சுத்தமான பொறுக்கல்காரர் என்று சொல்வேன். குறிப்பெடுக்காமல் எதையும் படித்ததில்லை. எவ்வளவு மோசமான புத்தகமானாலும் ஏதாவது ஒரு பகுதி உதவாமல் போகாது என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். உதிர்ந்த சுள்ளியைத் தாண்டிப் போக மனம் வராத ஆள்.

லெகெரேயின் பிள்ளைகள் நம் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘கொல்லிகெரே’, ஒன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பது. அதிலிருந்து கலெக்‌ஷன், கலெக்டர். வெள்ளைக்காரன் காலத்தில் வரி பொறுக்க வந்தவர் இன்றும் அதே பெயரோடு மாவட்டத்தை ஆள்கிறார். ‘ஏலிகெரே’, வெளியே பொறுக்கி எடுப்பது, அதிலிருந்து எலெக்‌ஷன். ஆகக் கலெக்டர் எலெக்‌ஷன் நடத்துகிறார் என்றால், லத்தீன் கண்ணுக்குப் பொறுக்குகிறவர் பொறுக்குதலை நடத்துகிறார். செலக்‌ஷனும் லெக்சரும் லெஜண்டும் இதே குடும்பம்தான். லெஜண்ட் என்றால் ‘படிக்க வேண்டியது’, துறவி மடங்களில் புனிதர் விழாக்களில் வாசிக்கப்பட்ட வரலாறு. இன்று வீட்டுக்கு ஒரு லெஜண்ட் இருக்கிறார். லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவும் பொறுக்கி எடுத்த ஆள்கள்தான்.

இவை சுலபம். என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தவை வேறு மூன்று. ‘இன்டெல்லெகெரே’, நடுவிலிருந்து பொறுக்குவது, அதாவது இதற்கும் அதற்கும் இடையே பிரித்தெடுப்பது: புரிந்துகொள்ளுதல். ‘நெக்லெகெரே’, பொறுக்காமல் விடுவது: அலட்சியம். ‘தீலிகெரே’, தனியாகப் பொறுக்கி வைத்துக்கொள்வது: அன்பு கொள்ளுதல். விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் ‘உன் அயலானை நேசி’ என்ற இடத்தில் வருவது இந்தச் சொல்தான். புரிதல், அலட்சியம், அன்பு மூன்றையும் குனிந்து எடுப்பதா வேண்டாமா என்ற ஒரே செயலில் இந்த மொழி அடக்கியிருக்கிறது. நம் ‘தெரி’ என்ற சொல்லும் கொஞ்சம் இப்படித்தான். தெரிந்தெடுத்தலும் தெரிந்துகொள்ளுதலும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை இதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன், ஆள் பொறுக்குவது பற்றித்தான் பேசுகிறது.

‘எலெகான்ஸ்’ கதை இன்னும் சுவாரஸ்யம். ஏலிகெரேயின் உறவு அது, பொறுக்கிப் பொறுக்கி எடுப்பவன் என்று பொருள். கேட்டோ காலம்வரை அது பாராட்டு இல்லை, வசவு என்கிறார் பிற்கால ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ். உடுப்பிலும் சாப்பாட்டிலும் இது நொட்டை அது நொள்ளை என்று மினுக்குகிறவனை அப்படிச் சொன்னார்களாம். பிற்பாடு அதுவே நயம், நேர்த்தி என்று உயர்ந்துவிட்டது. தமிழில் வண்டி எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. ‘பொறுக்கி எடுத்த சொற்கள்’ என்றால் இன்றும் பாராட்டு. ‘பொறுக்கி’ என்று மட்டும் நிறுத்தினால் அடிதடி. லத்தீனில் பொறுக்கியவன் வாசகனாக, அறிவாளியாக, நேர்த்தியானவனாகப் போனான், தமிழில் பொறுக்கியவன் தெருவில் நின்றுவிட்டான். ரோமில் எல்லாரும் யோக்கியமாகிவிட்டார்கள் என்று இல்லை. கோயில் பொருளைப் ‘பொறுக்கியவன்’ சாக்ரிலெகுஸ், கோயில் கொள்ளைக்காரன்.

சட்டத்தைக் குறிக்கும் ‘லெக்ஸ்’ இந்த வேரா, மதத்தைக் குறிக்கும் ‘ரெலிகியோ’ இந்த வேரா என்ற வழக்குகள் உண்டு. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதால் ரெலிகியோ என்றார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. கட்டிப் போடுவதால் என்று வேறு வினைச்சொல்லைக் காட்டினார் கிறிஸ்தவரான லக்டான்சியுஸ். ஃபாதரிடம் கேட்டேன். “கட்டித்தான் போட்டிருக்கிறது தம்பி, அறுபது வருடமாக” என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போய்விட்டார். அதற்குமேல் நான் தோண்டவில்லை.

ஆனால் பிற்பாடு புனிதராகப் போற்றப்பட்ட அகஸ்டின் விஷயத்தில் அவரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 386இல் மிலான் நகரில், ஒரு தோட்டத்தில் அத்திமரத்தடியில் அகஸ்டின் அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, ராகம் போட்டுத் திரும்பத் திரும்பப் பாடுகிறது: ‘தொல்லே லெகே, தொல்லே லெகே’. எடு, படி. இப்படி ஒரு வரி குழந்தைகள் விளையாட்டு எதிலாவது வருமா என்று யோசித்துப் பார்க்கிறார், நினைவுக்கு வரவில்லை. தனக்கு வந்த கட்டளை என்று எழுந்து போய்ப் பவுலின் கடிதங்களைத் திறக்கிறார். மனம் மாறிக் கிறிஸ்தவரானது உலகம் அறிந்தது. “அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தோடு என்ன வேலை? எடு, பொறுக்கு என்று அத்திப்பழத்தைச் சொல்லியிருக்கும்” என்றேன் நான், புதிதாகக் கற்ற திமிரில். திட்டுவார் என்று நினைத்தேன். “இருக்கட்டுமே. அவர் பொறுக்கிக்கொண்டார் இல்லையா?” என்றார்.

வெர்ஜிலில் இந்தச் சொல் வரும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பூவும் காட்டு ஸ்ட்ராபெரியும் பொறுக்கும் பிள்ளைகளே ஓடுங்கள், புல்லில் பாம்பு இருக்கிறது என்று ஓர் இடம். கரையை ஒட்டியே கப்பல் போனால் அதுவும் லெகெரே, கடற்கரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போவது. இருட்டுக் காட்டில் நண்பனைத் தவறவிட்ட நீசுஸ் தான் வந்த காலடித் தடங்களைப் பின்னோக்கிப் பொறுக்கிக்கொண்டு போகிறான். கார்த்தேஜ் அரசி தீதோ சாகும்போது தங்கை அன்னா அவளைத் தாங்கிக்கொண்டு, கடைசி மூச்சு எங்கேனும் அலைந்துகொண்டிருந்தால் என் வாயால் பொறுக்கிக்கொள்கிறேன் என்கிறாள். நெருங்கிய உறவு அந்த மூச்சை வாயில் வாங்கிக்கொள்வது ரோமானியர் வழக்கம். அந்த வரியைத் தமிழில் எழுத நாலு சனிக்கிழமை முயன்றேன். ‘வாயால் பொறுக்கி’ என்பது தமிழில் கோழி கொத்துவது போல் ஆகிவிடுகிறது. ‘ஏந்தி’ என்று போட்டால் அழகாகிவிடுகிறது, சொல் காணாமல் போகிறது. அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டு விட்டு வைத்திருக்கிறேன்.

எலும்பு வரியை முதல் நாளே திருத்திவிட்டேன். திருத்தும்போதுதான் அதற்கு முந்தைய வரியைச் சரியாகக் கவனித்தேன். சாம்பல் சரிந்து, நெருப்பு அடங்கியபின், மிஞ்சியதையும் ‘குடிக்கிற’ சாம்பலையும் திராட்சை மதுவால் கழுவினார்கள் என்கிறார் வெர்ஜில். பிபுலாம் ஃபவில்லாம். ஊற்ற ஊற்ற உறிஞ்சும் சாம்பல்.

அப்பாவின் காடாற்று அன்று காலை ஆறரை மணி இருக்கும். நாங்கள் ஊற்றியது தண்ணீரும் பாலும். சாம்பல் சுர்ரென்று சத்தம் போட்டது, ஊற்றிய பால் மேலே நிற்கவேயில்லை. அங்கே வேலை செய்பவர் கம்பால் கிளறி, கால் பக்கமிருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்கு எது எலும்பு, எது கரி, எது வறட்டித் துண்டு என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கையில் எடுத்து லேசாகத் தட்டிப் பார்த்து, இது இல்லை என்று போட்டு, அடுத்ததை எடுத்தேன். சித்தப்பா ஒவ்வொன்றையும் வாங்கிக் கலயத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் விரலுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எலும்பு எடை குறைவு, ஓரம் கூர்மை, உடைத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. அதற்குப் பிறகு பார்க்காமலேயே எடுக்க முடிந்தது.

“பொறுக்கிய எலும்புகளைக் கொரினேயுஸ் வெண்கலச் சாடியில் இட்டு மூடினான்.”

ஃபாதர் நோட்டை வாங்கிப் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. ‘பொறுக்கிய’ என்பதை மட்டும் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, அடுத்த வரி என்றார். அடுத்த வரியில் அவன் நல்ல தண்ணீரோடு தோழர்களை மூன்று முறை சுற்றி வருகிறான், பனித்துளி போல் அவர்கள்மேல் தெளித்துக்கொண்டு. தெளிப்பது காய்க்கும் ஒலிவ மரத்தின் கிளையால்.